ஓஎல்லில ஒன்பது ஏ, ஏஎல் கெமிஸ்ரியில 34: ஒரு பிள்ளைக்கு மறுமொழி

வடமராட்சிப் பக்கத்திலயிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறா. பேரையும் பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டு விசயத்தை மட்டும் சொல்லுறன். ஓஎல் (சாதாரண தரம்) சோதினையில ஒன்பது ஏ. இப்ப ஏஎல் (உயர்தரம்) பயோ ஸ்ரீம் படிக்கிறா. முதலாம் தவணைச் சோதினையில பயோவுக்கு 61, பிசிக்ஸுக்கு 48, கெமிஸ்ரிக்கு 34. பள்ளிக்கூடத்தை விட கெமிஸ்ரிக்கு மட்டும் மூண்டு ரியூசன், தியறி ரெண்டு இடத்தில, பேப்பர் கிளாஸ் ஒண்டு. "நோட்ஸ் எல்லாம் பாடம் ரீச்சர், ஆனா பேப்பரைக் கண்டால் ஒண்டும் வருதில்லை. லாப் நாளில கனபேர் வாறதில்லை, நானும் சிலவேளை வீட்டில நிண்டு படிப்பன். கெமிஸ்ரி எங்களிட்ட என்னத்தைத்தான் எதிர்பாக்குது? எனக்கு உந்தப் பாடம் சரிவராதோ, ரெக்னோலொஜி ஸ்ரீமுக்கு மாறுறதோ? அப்பாவுக்கு மார்க்ஸ் இன்னும் சொல்லேல்ல" எண்டு முடிச்சிருக்கிறா.

பிள்ளை, முதல்ல மார்க்ஸைப் பற்றிக் கதைச்சு முடிச்சிடுவம். நான் 27 வருசமா ஏஎல் கெமிஸ்ரி படிப்பிக்கிறன், கொஞ்சக் காலம் வன்னியில, மிச்சம் யாழ்ப்பாணத்தில, முதலாம் தவணையில முப்பதுகளில நிண்டு கடைசியில ஏ எடுத்த பிள்ளையளையும் தெரியும், முதலாம் தவணையில எழுபத்தஞ்சு எடுத்துப்போட்டு அந்த நம்பிக்கையிலயே இருந்து கடைசியில வெறும் சாதாரண பாஸான எஸ்ஸோட வந்த பிள்ளையளையும் தெரியும், அதால 34ஐ மட்டும் வச்சு நான் உம்மைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கு நெஞ்சில தைச்ச வசனம் "நோட்ஸ் எல்லாம் பாடம்" எண்டதுதான். அது உண்மையாத்தான் இருக்கும், ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குப் பாடமாக்கத் தெரியாமல் இருக்காது. அந்தக் கெட்டித்தனத்தை நம்பித்தான் நீர் ஏஎல்லுக்குள்ள வந்தனீர், அது இஞ்ச பாதி வழிக்கு மேல கூட வராது எண்டு ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்ல, அதுதான் எனக்குக் கவலை.

ஓஎல் சயன்ஸில கெமிஸ்ரி ஒரு பங்கு மட்டும்தான், அதிலயும் கேள்வி கூடுதலா "என்ன" எண்டுதான் வரும். என்ன வாயு, என்ன நிறம், என்ன சூத்திரம். ஏஎல்லில கேள்வி "ஏன்" எண்டு மாறுது. விடைக்கு எந்த வழியால வந்தனீர் எண்டு அது ஒவ்வொரு படியா கேக்கும், அந்த வழியில ஒரு படி விட்டால் அந்தப் படிக்குரிய மார்க்ஸ் போகும்.

ஒண்டு காட்டுறன். நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் முதலாம் அயனாக்கச் சக்தி, அதாவது முதல் இலத்திரனைக் கழட்டத் தேவையான சக்தி, எதுக்குக் கூட? உம்மட நோட்ஸில இருக்கும், நைதரசனுக்கு. மூலுக்கு 1402 கிலோயூல், ஒட்சிசனுக்கு 1314. சரி, ஏன் எண்டு கேட்டால் கனபேர் எழுதிற விடை "நைதரசன் உறுதியானது". நான் அதுக்கு மார்க் போடுறதில்லை, பிள்ளையள் கோவிப்பினம், ஆனா அது கேள்வியைத் திருப்பிச் சொல்லுறது மாதிரித்தான். ஆவர்த்தனத்தில இடப்பக்கத்திலயிருந்து வலப்பக்கம் போகப் போகக் கருவேற்றம் கூடுதெல்லே, அப்ப நியாயப்படி ஒட்சிசனுக்குத்தானே கூட வரோணும், இஞ்ச ஏன் மாறி வந்தது எண்ட கேள்வி முதல்ல உமக்குள்ள எழும்போணும். பேந்து ஒபிற்றல், அதாவது இலத்திரன் இருக்கிற இடம், ஒவ்வொண்டுக்கும் ஒரு பெட்டி கீறிப் பாக்கோணும். நைதரசன்ர 2பி இல மூண்டு இலத்திரன், மூண்டும் தனித்தனி ஒபிற்றலில, அரைநிரம்பின நிலை. ஒட்சிசனுக்கு நாலு, அந்த நாலாவது போய் ஏற்கெனவே ஒரு இலத்திரன் இருக்கிற ஒபிற்றலுக்குள்ள சோடி சேருது, சோடியில இருக்கிற ரெண்டும் ஒண்டையொண்டு தள்ளுது, அதால ஒண்டைக் கழட்டுறது லேசாப் போகுது. இந்த வழி கையில இருக்கிற பிள்ளைக்கு நாளைக்குப் பொசுபரசையும் கந்தகத்தையும் கேட்டால் நோட்ஸ் தேவையில்லை, அதே வழியால போகலாம். பெரிலியத்தையும் போறனையும் கேட்டால் வழி வேற, அங்க 2எஸ் இலயிருந்து கழட்டுறதோ 2பி இலயிருந்து கழட்டுறதோ எண்ட கதை வரும், உறுதியானது எண்டு பாடமாக்கின பிள்ளை அங்கயும் உறுதியானது எண்டுதான் எழுதும்.

பேப்பரையே எடுத்துப் பாரும். முதலாம் பேப்பரில 50 எம்சீகியூ (பல்தேர்வுக் கேள்வி), 2 மணித்தியாலம், அப்ப ஒண்டுக்கு ரெண்டரை நிமிசமும் இல்லை. அதில 41இலயிருந்து 50 வரைக்கும் ரெண்டு கூற்றுத் தருவினம், ரெண்டும் சரியோ பிழையோ எண்டும் சொல்லோணும், ரெண்டும் சரியெண்டால் ரெண்டாவது முதலாவதைச் சரியா விளக்குதோ எண்டும் சொல்லோணும். உதாரணத்துக்கு அமோனியா உற்பத்தியை எடும். "வெப்பநிலையைக் கூட்டினால் சமநிலையில இருக்கிற அமோனியாவின்ர அளவு குறையும்." சரி. "வெப்பநிலையைக் கூட்டினால் தாக்கவீதம் கூடும்." அதுவும் சரி. ஆனா ரெண்டாவது முதலாவதுக்குக் காரணம் இல்லை, காரணம் அமோனியா உண்டாகிற தாக்கம் புறவெப்பத் தாக்கம் எண்டது. நோட்ஸ் பாடமான பிள்ளை ரெண்டு கூற்றும் தன்ர கொப்பியில கண்டது எண்ட சந்தோசத்தில, ரெண்டும் சரி, விளக்கமும் சரி எண்ட முதலாம் விடையை அடிச்சிட்டுப் போகும். பத்துக் கேள்வி, பத்தும் "அதனால" எண்ட ஒரு சொல்லுக்குள்ளதான் நிக்குது. உம்மட தவணைப் பேப்பரில இந்தப் பத்தில எத்தினை சரி எண்டு எண்ணிப் பாரும், நான் சொல்லுறது விளங்கும்.

இதே அமோனியாவை இன்னும் கொஞ்சம் நோண்டினால், வெப்பநிலை குறைஞ்சால்தானே அமோனியா கூட வரும், பேந்து ஏன் 450 பாகை செல்சியஸ் அளவில செய்யினம் எண்ட கேள்வி வரும். குளிரா வச்சால் கூட வரும், ஆனா எப்ப வரும்? அதுக்காகத்தான் இரும்பு ஊக்கியும் ஒரு நடுத்தர வெப்பநிலையும் கூடின அமுக்கமும். இந்த ஒரு தொழிற்சாலைக்குள்ள சமநிலையும் இருக்கு, தாக்கவீதமும் இருக்கு, சக்தியியலும் இருக்கு. சிலபஸில 14 அலகு எண்டு பிரிச்சிருக்கிறது படிப்பிக்கிற வசதிக்கு, கட்டுரைக் கேள்வி வரேக்குள்ள மூண்டு அலகு ஒண்டா வந்து நிக்கும். நீர் ஒரு அலகை முடிச்சு கொப்பியை மூடி அலுமாரியில வச்சிட்டு அடுத்ததுக்குப் போனால் அங்க தடக்கும்.

கணக்குக்கு வாறன், ஏனெண்டால் 34 எடுத்த பிள்ளையளில கனபேருக்கு ஓட்டை அங்கதான். கல்குலேற்றர் இல்லை, அது உமக்குத் தெரியும். ஆவர்த்தன அட்டவணை தருவினம், வாயு மாறிலி (R), அவகாதரோ மாறிலி எல்லாம் பேப்பரிலயே இருக்கும், அப்ப அதுகளைப் பாடமாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. எதிர்பாக்கிறது என்னெண்டால் அலகையும் அளவையும் உணருற கண். 27 பாகையில, 1 தர 10இன் அடுக்கு 5 பஸ்கால் அமுக்கத்தில, 4.157 கன டெசிமீற்றர் குடுவைக்குள்ள எத்தினை மூல் ஒட்சிசன் இருக்கு எண்டு கேட்டால், கனவளவை கன மீற்றராக்காமல் அப்பிடியே போட்டால் விடை 166.7 மூல் எண்டு வரும். பிள்ளையள் அதை எழுதி அடியில ரெண்டு கோடும் கீறிவிட்டுப் போகினம். ஒரு நிமிசம் நிண்டு பாத்தால், 166 மூல் ஒட்சிசன் எண்டால் 5 கிலோவுக்கு மேல, நாலு லீற்றர் குடுவைக்குள்ள 5 கிலோ காத்தோ? ஆயிரத்தால பிழைச்சிட்டன் எண்டு அந்த இடத்திலயே பிடிபடும், 0.1667 எண்டு வரும். நான் பிள்ளையளுக்கு நெடுக சொல்லுறது, விடை வந்தவுடன அந்த விடையை மனசில ஒரு சாமானா வச்சுப் பாருங்கோ, கையில பிடிக்கேலுமோ, குடுவைக்குள்ள அடங்குமோ எண்டு. பீஎச் கணக்குக்கு லொக் 2 எண்டால் 0.30, லொக் 3 எண்டால் 0.48 எண்டு தெரிஞ்சால் போதும், மிச்சத்தை அதிலயிருந்து எடுக்கலாம், ஐதரசன் அயன் செறிவு 2 தர 10இன் அடுக்கு சய 3 எண்டால் 3இலயிருந்து 0.30 கழிச்சு 2.70, முடிஞ்சுது. கையால பெருக்கிப் பிரிச்சுப் பழகாத பிள்ளைக்கு கெமிஸ்ரி தெரிஞ்சாலும் நேரம் காணாது. போனில இருக்கிற கல்குலேற்றரை இண்டையோட விடும்.

லாப் நாளில வீட்டில நிண்டு படிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறீர். பிள்ளை, எனக்கு இதுதான் கடிதம் முழுக்கவும் பெரிய விசயமாப் பட்டது, கோவமில்லை, கவலை. ஏஎல்லில கெமிஸ்ரிக்குத் தனியா செய்முறைச் சோதினை இல்லை எண்டதால கனபேர் லாப்பை ஒரு லீவு நாளா எடுக்கினம், ஆனா ரெண்டாம் பேப்பரில அமைப்புக் கட்டுரைக் கேள்வி நாலும் கட்டாயம், அதுக்குள்ள லாப் எங்கயாவது ஒரு மூலையில வந்து நிக்கும். பியூரெற்றை அதுக்குள்ள விடப்போற கரைசலாலயே கழுவோணும், நியமிப்புக் குடுவையைக் காய்ச்சி வடிச்ச தண்ணியால மட்டும் கழுவோணும். இது உமக்குப் பாடம். ஏன் குடுவையைக் கரைசலால கழுவக்கூடாது? குடுவைக்குள்ள தண்ணி மிச்சம் நிண்டால் பிழை வராதோ? லாப்பில ஒருக்கா குடுவையைக் கரைசலால கழுவிப்போட்டு அளந்து பாத்த பிள்ளைக்கு வாசிப்பு கூட வந்து நிக்கேக்குள்ள விளங்கும், பிப்பெற்றால விட்டது 25.00 கன சென்ரிமீற்றர், ஆனா சுவரில ஒட்டியிருந்த துளியளுக்குள்ள கூடுதலா மூல் இருந்திருக்கு. தண்ணி எண்டால் மூல் எண்ணிக்கையைக் கூட்டவும் மாட்டுது குறைக்கவும் மாட்டுது. பியூரெற்றுக்குள்ள தண்ணி நிண்டால் கரைசல் ஐதாகுது, அதால அங்க தண்ணி கூடாது. ரெண்டு விதி எண்டு பாடமாக்கினது ரெண்டும் ஒரே கதைதான், எத்தினை மூல் எண்டு எண்ணுற கதை.

பொற்றாசியம் பரமங்கனேற்றால ஒட்சாலிக் அமிலத்தை நியமிக்கேக்குள்ள குடுவையைச் சூடாக்கச் சொல்லுவினம், 60 பாகை அளவுக்கு. அதைச் செய்து பாத்த பிள்ளைக்கு முதல் துளி விழுந்து அந்த ஊதா நிறம் போகாமல் கொஞ்ச நேரம் நிக்கிறது தெரியும், பேந்து போகப் போக துளி விழ விழ உடன மறையும். ஏன் முதல்ல ஆறுதலா, பேந்து கெதியா? தாக்கத்தில உண்டாகிற மங்கனீசு அயனே ஊக்கியா நிண்டு தாக்கத்தைக் கெதிப்படுத்துது. ஒருக்கா அந்த நிறம் மறையிறதைக் கண்ணால கண்டால் நீர் அதைச் சாகும் வரைக்கும் மறக்கமாட்டீர். நோட்ஸில இது ஒண்டரை வரி.

லாப்பில சாமான் இல்லை எண்டு சொல்லாதையும். வன்னியில நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தில ஒரு பியூரெற்றும் இருக்கேல்ல. சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கி அடைய விட்டுத் தெளிஞ்ச மேல் தண்ணியை எடுப்பம், செவ்வரத்தம் பூவை அவிச்ச சாறு விட்டால் அது பச்சையா வரும், தேசிக்காய்ப் புளியைப் பத்து மடங்கு ஐதாக்கி ஊசி இல்லாத சிரிஞ்சால துளித்துளியா விடுவம், ஒரு இடத்தில பச்சை போய் இளஞ்சிவப்பாகும். ஏன் பத்து மடங்கு ஐதாக்கினனாங்கள்? ஐதாக்காமல் விட்டால் ஒரு மில்லிலீற்றரோட கதை முடிஞ்சிடும், அளக்கிறதுக்கு ஒண்டும் இராது, வீத வழு கூடிப்போகும். அந்தப் பிள்ளையளுக்கு ஐதாக்கலும் முடிவுப்புள்ளியும் வழுவும் எண்டால் என்னெண்டு நான் நோட்ஸ் குடுக்கத் தேவைப்படேல்ல. அதுக்கு முந்தி ரெண்டு மூண்டு வருசம் நானும் பலகை நிறைய எழுதி, சொல்லிச் சொல்லி எழுதவிட்ட ரீச்சர்தான், அந்தப் பிள்ளையளிட்டத்தான் நான் படிப்பிக்கப் பழகினது.

சேதன இரசாயனம் உமக்கு இன்னும் பெரிசாத் தொடங்கியிருக்காது, ஆனா இப்பவே சொல்லிவைக்கிறன். அதுக்குள்ள போனவுடன எல்லாரும் ஒரு பெரிய பேப்பரில தாக்கமெல்லாம் அம்புக்குறி போட்டுக் கீறிச் சுவரில ஒட்டுவினம். ஒட்டும், நல்லது. ஆனா ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில ஆர் இலத்திரனைக் குடுக்கினம் ஆர் வாங்கினம் எண்டு எழுதும், கருநாடி எது, இலத்திரன்நாடி எது எண்டு. கிரின்யாட் சோதனைப்பொருளை எடுத்தால், மெதைல் மக்னீசியம் புரோமைட்டைப் புரோப்பனோனோட தாக்கவிட்டு நீர்ப்பகுத்தால் 2-மெதைல்புரோப்பன்-2-ஓல் வரும், இது எல்லாருக்கும் தெரியும். அதே மூலக்கூறில கீற்றோனோட ஒரு ஐதரொட்சில் கூட்டமும் இருந்தால்? அங்கதான் பிள்ளையள் விழுகிறது. கிரின்யாட் தண்ணியைக் கண்டாலே அழியுது எண்டு படிச்சனீர், அதாலதான் உலர் ஈதரில செய்யிறது, அப்ப ஐதரொட்சில் கூட்டத்தில இருக்கிற ஐதரசனையும் அது விடாதெல்லே, மெதேன் வெளியில போகும், கீற்றோனுக்குக் கிட்டவும் போயிருக்காது. "உலர் ஈதர்" எண்ட சொல்லை வெறும் நிபந்தனையாப் பாடமாக்கின பிள்ளைக்கு இது பிடிபடாது, ஏன் உலர் எண்டு ஒருக்கா கேட்ட பிள்ளைக்குப் பிடிபடும்.

பாடமாக்க ஒண்டுமே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. அசேதனத்தில இருக்கு. வெள்ளிக் குளோரைட்டு வெள்ளை, ஐதான அமோனியாவில கரையும், வெள்ளி புரோமைட்டு வெளிறின மஞ்சள், செறிந்த அமோனியாவில கரையும், அயடைட்டு மஞ்சள், அதிலயும் கரையாது. செப்பு அயனுக்கு அமோனியா விட்டால் முதல்ல வெளிறின நீல வீழ்படிவு, இன்னும் விட்டால் கடும் நீலக் கரைசல். உதுகளை நாளுக்கு பத்து நிமிசம், படுக்க முதல், வாயால சொல்லிப் பாரும், எழுதத் தேவையில்லை. ஒரே நாளில இருந்து டீ தொகுப்பு முழுக்கப் பாடமாக்கிறது வேலைக்காகாது.

கெமிஸ்ரி கொப்பிக்குள்ள மட்டும் இருக்கு எண்டு நினைக்கிறதாலயும் ஏன் எண்ட கேள்வி உங்களுக்கு வருதில்லை எண்டு எனக்கு ஒரு எண்ணம். உம்மட வீட்டுக் கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்கும், எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியில கல்சியம் இருகாபனேற்று கரைஞ்சு வருது, கொதிக்க வச்சால் காபனேற்றாப் படியுது, வினாகிரி விட்டால் நுரைச்சுக் கொண்டு கழரும். கருப்பணி (பதநீர்) இறக்கிற முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுறது ஏன்? சாறு காரமாப் போனால் மதுவம் வளராது, நொதிக்காது, பூசாமல் விட்டால் கள்ளு, கள்ளை இன்னும் விட்டால் வினாகிரி, எதனோல் எதனோயிக் அமிலமாகுது. ஆனையிறவில உப்பு விளைஞ்சுது, அந்தா பரந்தனில போருக்கு முந்தி உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தவை. உம்மட கைத்தொழில் இரசாயன அலகில இருக்கிற மென்சவ்வுக் கலத்தைப் படிக்கேக்குள்ள பரந்தனை நினைச்சுப் பாரும், கதோட்டில ஏன் சோடியம் வராமல் ஐதரசன் வருது எண்டு அந்த இடத்தை நினைச்சுக் கொண்டு கேட்டுப் பாரும். வெங்காயத் தோட்டத்துக்குப் போடுற யூரியா மண்ணில நைத்திரேற்றா மாறி, நைத்திரேற்று உப்பெல்லாம் தண்ணியில கரையிறதால மண்ணில தங்காமல் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால கிணத்துக்குப் போகுது, குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல நைத்திரேற்று இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கைக்குழந்தையளுக்கு அது இரத்தத்தில ஒட்சிசன் காவுறதைக் கெடுக்கும். இது பேப்பரில வாற "சூழல் மாசு" மட்டுமில்லை, எங்கட தோட்டக்காணிக் கிணறுகளின்ர கதை.

இனி ரியூசன். ஒரு கிளாஸ் மூண்டு மணித்தியாலம் எண்டு வைப்பம், போக வர ஒரு மணித்தியாலம், மூண்டு கிளாஸுக்கு கிழமைக்கு 12 மணித்தியாலம். அந்த 12 மணித்தியாலத்தில உம்மட பேனை வேற ஒருத்தர் யோசிச்சதை எழுதிக்கொண்டிருக்குது. சேர் பலகையில கணக்கைச் செய்யேக்குள்ள எல்லாம் விளங்குற மாதிரித்தான் இருக்கும், அவர் நல்லாப் படிப்பிக்கிறவரா இருந்தால் இன்னும் விளங்கும், அதுதான் ஆபத்து, தனக்குச் செய்யத் தெரியும் எண்டு மனம் நம்பீடும். ரியூசன் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, எங்கட ஊரில அது இல்லாமல் ஏலாது எண்டும் தெரியும். ஆனா ரெண்டு தியறி கிளாஸ் எதுக்கு? ஒரு தாக்கத்தை ரெண்டு சேர்மார் ரெண்டு ஒழுங்கில சொல்ல, ரெண்டு கொப்பியும் நிரம்புது, உமக்கெண்டு ஒரு ஒழுங்கும் வருதில்லை. ரெண்டில எது விளங்குதோ அதை வச்சுக்கொண்டு மற்றதை நிப்பாட்டும். பேப்பர் கிளாஸையும் இப்ப நிப்பாட்டலாம், முதலாம் வருசத்தில அலகு முடியாமல் முழுப் பேப்பர் செய்து என்ன காணப்போறீர், நெஞ்சிடிதான் மிச்சம்.

மிஞ்சிற எட்டு மணித்தியாலத்தையும் வெறுங் கடதாசியோட இரும். அண்டைக்குப் படிப்பிச்ச பகுதியை அண்டைக்கு இரவே, கொப்பியைப் பாக்காமல், ஒரு பக்கத்தில உம்மட சொல்லில எழுதும், எங்க தடக்குதோ அங்க மட்டும் கொப்பியைத் திறவும். பேந்து அந்தப் பகுதியில இருந்து வந்த பழைய கேள்வியில அஞ்சாறு செய்யும். செய்யத் தெரியாட்டி உடன விடையைப் பாக்காதையும், இருவது நிமிசம் மல்லுக்கட்டும், ஒண்டும் வராட்டி எங்க நிண்டு போனது எண்டதை ஒரு வசனத்தில எழுதி வையும், அதைக் கொண்டு போய் அடுத்த நாள் ரீச்சரிட்டக் கேளும். "ரீச்சர் விளங்கேல்ல" எண்டு வாற பிள்ளைக்கு நான் முழுக்கத் திருப்பிச் சொல்லோணும், "ரீச்சர், இஞ்ச ஏன் மூல் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கினீங்கள்" எண்டு வாற பிள்ளைக்கு ரெண்டு நிமிசம் காணும், அந்த ரெண்டு நிமிசம் ஒரு கிளாஸுக்குச் சமன். அதோட பரீட்சைத் திணைக்களத்தின்ர புள்ளியிடும் திட்டத்தை எடுத்து வாசிச்சுப் பாரும், ஒரு விளக்கத்துக்கு எந்தெந்தச் சொல்லுக்கு மார்க்ஸ் போடினம் எண்டு தெரியும். மகரகமயில இருக்கிற தேசிய கல்வி நிறுவகத்தின்ர வளநூல் தமிழிலயே இருக்கு, காசும் இல்லை, நெற்றில எடுக்கலாம், கனபேர் அதைத் திறந்தே பாக்கிறதில்லை. இன்னொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் இங்கிலீசுச் சொல்லையும் கொப்பி ஓரத்தில எழுதி வையும், கம்பசுக்குப் போனால் பாடம் முழுக்க இங்கிலீசில, அங்க போய்க் கஷ்டப்படுற எங்கட பிள்ளையளை நான் கண்டிருக்கிறன்.

ரெண்டாம் பேப்பரைப் பற்றி ஒரு சொல். 3 மணித்தியாலம், வாசிக்க மேலதிகமா 10 நிமிசம், அமைப்புக் கட்டுரை நாலு, பேந்து பீ பகுதியில ரெண்டு, சீ பகுதியில ரெண்டு. எழுதிற வேகம் கடைசி ஆறு மாதத்தில வரும், இப்ப அதுக்கு அவசரப்படாதையும்.

ரெக்னோலொஜிக்கு மாறுறதோ எண்டு கேட்டனீர். அது குறைஞ்ச படிப்பு எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன், விருப்பத்தோட போன பிள்ளையள் நல்லா இருக்கினம். ஆனா நீர் விருப்பத்தில கேக்கேல்ல, 34க்குப் பயந்து கேக்கிறீர், உம்மட கடிதத்தில ரெக்னோலொஜியைப் பற்றி உந்த ஒரு சொல்லை விட ஒண்டுமில்லை. பயோ ஸ்ரீமில நிண்டால் கெமிஸ்ரியை விட்டு ஓடேலாது, பிசிக்ஸுக்குப் பதிலா விவசாயம் எடுக்கலாம், கெமிஸ்ரிக்குப் பதில் இல்லை. அதால நான் சொல்லுறது, ரெண்டாம் தவணை வரைக்கும் மேல சொன்ன மாதிரி இரும், ஒரு லாப்பும் விடாமல். அதுக்குப் பிறகும் ஒரு கணக்கோட தனிய இருக்கேக்குள்ள உமக்கு வெறுப்பு மட்டும்தான் வருது, ஒருக்காவும் "ஓ இதுதானோ" எண்டு ஒரு சந்தோசம் வரேல்ல எண்டால், அப்ப மாறுறதைப் பற்றி உம்மட ரீச்சரோடயும் வீட்டிலயும் இருந்து கதையும். மார்க்ஸ் 34இலயிருந்து 45க்கு வந்திருந்தாலும் அந்தச் சந்தோசம் ரெண்டு மூண்டு தரம் வந்திருந்தால் நில்லும். கம்பசுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் எண்டது எல்லாப் பிள்ளையளின்ர சராசரியோட பாத்துத்தான் வாறது, கெமிஸ்ரி எல்லாருக்கும் கஷ்டம்தான், அதால நூறுக்கு எவ்வளவு எண்டு மட்டும் பாத்துப் பயப்பிடாதையும்.

அப்பாவுக்கு இண்டைக்கே சொல்லும். பேப்பரையும் கொண்டு போய் முன்னால வையும், எந்தக் கேள்வியில ஏன் போனது எண்டு நீரே ஒவ்வொண்டாக் காட்டும், ரெண்டு கிளாஸை நிப்பாட்டப் போறன், அந்த நேரம் வீட்டில இருந்து செய்யப்போறன் எண்டும் சொல்லும். முதல்ல கொஞ்சம் யோசிப்பார், கிளாஸை நிப்பாட்டுறது எண்டால் எங்கட பெற்றாருக்கு நெஞ்சு பதறும், அவையின்ர பயமும் நியாயம்தான். தேவையெண்டால் நான் எழுதின இந்த மறுமொழியை அவருக்கு வாசிச்சுக் காட்டும். ஐயா, நீங்கள் வாசிச்சால், பிள்ளை படிக்கேல்ல எண்டு நினைச்சிடாதேங்கோ, கூடப் படிச்சுக் களைச்சுப் போன பிள்ளை.

ரெண்டாம் தவணைப் பேப்பர் கைக்கு வந்தவுடன எனக்கு எழுதும். மார்க்ஸ் எழுதத் தேவையில்லை, நீர் பிழைவிட்ட ஒரு கேள்வியும், அந்தக் கேள்வியில எந்தப் படியில தடக்கினனீர் எண்டதும் எழுதினால் போதும்.